நாரைச் சிவப்பு

குருநாதரின் குடில் கண்மாய்க் கரையில் இருந்தது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். ஊர்ப் பிள்ளைகள் உண்டிவில்லோடு வருவார்கள். நாரைகள் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். வருஷா வருஷம் இதுதான் நடந்தது.

பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி கேட்டு வாங்கியவள் பூமயில். நடுவயதில் சிஷ்யையாக வந்தவள். படம் வரையப் பழகினால் கை தானாகக் கல்லை விட்டுவிடும் என்று நம்பினாள்.

நாரைகள் திரும்பி வந்து கூடு கட்டிய வாரம், அவள் குருவின் முன் வந்து நின்றாள்.

"தோத்துட்டேன் சாமி."

"பிள்ளைக என்ன வரையுது?"

"ரெண்டு மலை, நடுவுல சூரியன். அத்தனை பேரும் அதேதான்."

"இந்தப் பக்கம் மலை ஏது தாயி?"

"நான்தான் போட்டுக் காட்டினேன். படம் முடிஞ்சதும் உண்டிவில்லத் தூக்கிக்கிட்டு ஓடிருதுக. வந்திருக்கதே கொஞ்ச நாரை. இந்தத் தடவையும் விரட்டிட்டா இனி வராது. என்ன சொல்லி நிறுத்துறது?"

குரு எழுந்தார். அவளுடைய வண்ணப் பெட்டியை வாங்கிக் குடிலுக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் வந்தார்.

"நாரை இறக்கையோட நிறம் வேணும். யாரு செஞ்சு தருவீங்க?"

உண்டிவில்லில் குறி தப்பாத ராக்கு சிரித்தாள். "இதெல்லாம் ஒரு வேலையா? வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு அடுப்புக்கரி."

"சிவப்புக்கு?"

"நாரைக்கு ஏது சிவப்பு? சாமிக்குக் கண்ணு மங்கிப்போச்சு!"

"உக்காந்திருக்கும்போது பாத்திருக்கியா?"

ராக்கு யோசித்தாள். "நாங்க போனாலே பறந்துருமே."

அன்று பிள்ளைகள் கரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஒரு நாரை கூட்டில் அமர்ந்து இறக்கையை மடக்கியது. வால் பக்கம் இளஞ்சிவப்பு வழிந்தது.

"ஆத்தாடி! ரோஸு!" என்றாள் ராக்கு, மூச்சுக்குள்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தைச் சிரட்டையில் பிழிந்தார்கள். அவர்களில் சேது என்ற பையன் முதலில் தீட்டிப் பார்த்தான்.

"ஏலே, இது நாரையா, வெத்தலை போட்ட வாயா?" என்றாள் ராக்கு.

தண்ணீர் ஊற்றினார்கள். நாரையைப் பார்த்தார்கள். மறுபடி தண்ணீர். மறுபடி நாரை. வெயில் சாய்ந்ததும் நிறம் மாறியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் சலிப்பில் சேது உண்டிவில்லில் கல் வைத்தான். ராக்கு பாய்ந்து பிடுங்கி ரப்பரை அறுத்தெறிந்தாள்.

"அது எந்திரிச்சா நெறத்தை உங்க வீட்டுல வந்தா பாக்குறது?"

அதன்பிறகு யாரும் கல்லெடுக்கவில்லை. மூக்குக்கு மஞ்சள் இழைத்தார்கள். காலுக்கு என்னென்னவோ அரைத்துப் பார்த்தார்கள்.

ஒரு நாள் காலையில் ராக்கு தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினாள். "பொரிச்சிருச்சு! பொரிச்சிருச்சு!"

ஊரே கரைக்கு ஓடி வந்தது. வந்தவர்களை அவளே மறித்தாள். "கத்தாதீங்க! உக்காந்து பாருங்க!"

பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். கருவேல மரங்கள் முழுக்கக் குஞ்சுகளின் குரல்.

பூமயிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஜெயிச்சிட்டோம் சாமி! ஒரு குறைதான். ஒரு பிள்ளையும் படத்தை முடிக்கல. குஞ்சோட நிறம் வேறயாம், அது இன்னும் அகப்படலையாம். இன்னைக்கே உக்காரவெச்சு முடிக்கச் சொல்லட்டுமா?"

குரு கரையைப் பார்த்தபடி சொன்னார்.

"முடிக்கவிட்டுறாதே தாயி."