ஏரிக்கரைத் திட்டமும் பாகற்காய் விருந்தும்

மருதவளம் என்றொரு நாடு. அதைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை. போன மாதம் மயில் வளர்க்கிறேன் என்றார். இந்த மாதம் மயில் கத்தித் தூக்கம் போச்சு என்று காட்டுக்கு விரட்டிவிட்டார்.

அந்த நாட்டுக்கே சோறு போட்டது பெருங்கண் ஏரி. கோடையில் தண்ணீர் உள்வாங்கியதும் கரையோரம் நிலம் வெளியே வரும். ஒரு பக்கம் வெள்ளரி போடுவார்கள், ஒரு பக்கம் ஆடு மேய்ப்பார்கள், குயவர்கள் ஓர் ஓரமாய் மண் எடுப்பார்கள். யாருக்கு எந்த இடம் என்று தலைமுறைக்கு ஒருமுறை திட்டம் போட்டு அரண்மனை முத்திரை வைப்பது வழக்கம். அந்த வருஷம் பழைய திட்டத்தைப் புதுப்பிக்கிற முறை வந்தது.

அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் வல்லபராயர். அமைச்சர் கொழுந்தப்பருக்குச் சபையில் கிடைக்கிற மரியாதையைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிற ஆசாமி. ராஜாவைக் குளிர வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கீழைக்கரை முழுவதையும் வளைத்து, ராஜாவுக்குக் கோடை மாளிகை என்று படம் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். படத்தைப் பார்த்த ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கீழைக்கரையில் வெள்ளரி போடுகிற குடும்பங்களைக் கேட்டீரா, ராயரே?" என்றார் கொழுந்தப்பர்.

"கேட்காமலா? ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று முரசு அறைந்தேன். ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. ஜனங்களுக்குப் பூரண சம்மதம்."

முரசை எங்கே அறைந்தார் தெரியுமோ? அரண்மனை யானைக் கொட்டிலுக்குப் பின்னால். அதுவும் ஊர் ஜனம் மொத்தமும் ஏரிக்குள் வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில். கேட்டது யானை ஒன்றுதான். அது காதை ஆட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ!

விஷயம் காதில் விழுந்ததும் கீழைக்கரைக் காத்தாயி அமைச்சர் வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஐயா, வெள்ளரி இருந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும். அந்த மண்ணைப் பிடுங்கிட்டா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்? நாளன்னைக்கு முத்திரை வைக்கப் போறாங்களாமே?"

"நாளன்னைக்குத்தானே? நடுவில் நாளைக்கு ஒரு பகல் இருக்கிறது. நீ போய்ச் செடியைப் பார் தாயி" என்றார் கொழுந்தப்பர்.

மறுநாள் விடியலிலேயே ராஜா வேட்டைக்குப் போய், அகோரப் பசியோடு திரும்பினார். நெய்ச் சோறு, கறிக் குழம்பு, அதிரசம் என்று நாக்கில் எச்சில் ஊற வந்து உட்கார்ந்தார். ராயரும் கூடவே நின்றார். கொழுந்தப்பர் தம் கையாலேயே பரிமாறினார். ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ். இலையில் உப்புப் போடாமல் வேகவைத்த பாகற்காய்.

"என்ன இது, அமைச்சரே?"

"சாப்பாடு, அரசே. அரண்மனைச் சமையலுக்கும் திட்டத்தைப் புதுப்பித்துவிட்டோம். தங்கள் ஆயுசு பரியந்தம் இனி இதுதான்."

"யாரைக் கேட்டு?"

"எல்லோரையும் கேட்டோம். காலையில் முரசு அறைந்தோம். ஆட்சேபணை சொல்ல ஒருவரும் வரவில்லை."

"நான்தான் காட்டில் இருந்தேனே. முரசை எங்கேயய்யா அறைந்தீர்?"

"யானைக் கொட்டிலுக்குப் பின்னால். வல்லபராயர் அறைந்த அதே இடம்தான், அரசே."

"சாப்பிடப் போகிறவன் நான்! என்னை விட்டுவிட்டு யானையையா கேட்பீர்?"

சொல்லி வாய் மூடவில்லை, ராஜாவுக்கு உறைத்துவிட்டது. இலையைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். ராயர் தூணைப் பார்த்தார்.

"ராயரே, இன்றைக்கு உமக்குப் பல்லக்கு கிடையாது. முரசை நீரே தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து அறையும். ஜனங்கள் வீடு திரும்புகிற நேரமாகப் பார்த்து அறையும். நாளைக்கு ஏரிக்கரையில் வைத்தே திட்டம் போடுகிறோம். அமைச்சரே, அந்தப் பாகற்காயை எடுத்துவிட்டுச் சோற்றைப் போடும், உயிர் போகிறது."

ஆஹா, மறுநாள் கரையைப் பார்த்திருக்க வேண்டுமே! திருவிழாக் கூட்டம் தோற்றது. கொழுந்தப்பர் சுண்ணாம்புப் பொடியால் ஏரியைத் தரையிலேயே பெரிசாக வரைந்துவிட்டார். வரிசையில் நின்று, முறை வந்ததும் அவரவர் தமக்கு வேண்டிய இடத்தில் போய் நிற்க வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். குயவர்களும் ஆட்டுக்காரர்களும் மேலைக்கரைக்கு மல்லுக்கட்டினார்கள். தொண்டை கட்டிப்போன ராயர் மூலையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கத்தி, சிரித்து, விட்டுக்கொடுத்து, மத்தியானத்துக்குள் ஒவ்வோர் இடமாக முடிவாகிக்கொண்டே வந்தது. கீழைக்கரை வெள்ளரிக்கே என்று ஆனபோது காத்தாயி அழுதேவிட்டாள்.

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "எனக்கும் ஓர் இடம் வேண்டும்" என்று சுண்ணாம்புக் கோட்டுக்குள் பாய்ந்தார்.

"ராசா, முன்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க பாருங்க" என்றாள் காத்தாயி.

ராஜா திரும்பிப் பார்த்தார். மீன்பிடிக்கிறவர் ஒருவர், வண்ணாத்தி ஒருத்தி. அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும், கோடைக்குக் காற்று வாங்க ஓர் இடம் என்று கேட்டார்.

கரைக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். காத்தாயிதான் வந்து சொன்னாள். "வடக்கே மேட்டுல ஒரு பந்தல் போட்டுக்குங்க. மாளிகையெல்லாம் வேணாம். அடுத்த தடவை திட்டம் போடுறப்ப வந்து கேளுங்க, பார்க்கலாம்."

பிறந்ததிலிருந்து 'உத்தரவு' என்ற சொல்லை மட்டுமே கேட்டு வளர்ந்த காது அது. அதில் முதல் தடவையாகப் 'பார்க்கலாம்' என்று விழுந்தது. ராஜா தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, வந்து கேட்கிறேன்" என்றார்.