ஸ்பூனும் ஊஞ்சல் கயிறும்

கையில் எடுத்துக் கொடுக்க முடியாத ஒன்று. ஆனால் அதைக் கொடுக்காவிட்டால் குழந்தையால் பதில் சொல்ல முடியாது. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அருளானந்தம் முப்பது வருடம் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரக் கற்றுக்கொள்ள மெஹர் டீச்சரிடம் சேர்ந்தார். டீச்சருக்கு அவருடைய மகளின் வயதுதான்.

அருளானந்தத்திடம் பயிற்சிக்கு விடப்பட்ட குழந்தை தமயந்தி. ஏழு வயது. பார்வை இல்லை. காது கேட்கும், பேச்சு வரவில்லை. கைகளும் மிக மெதுவாகத்தான் அசையும். அவள் முன்னால் ஒரு தட்டு. அதில் ஒரு ஸ்பூன், ஒரு கயிற்றுத் துண்டு. ஸ்பூனை எடுத்தால் பாயசம் வேண்டும் என்று பொருள். கயிற்றை எடுத்தால் ஊஞ்சல்.

பத்து நாளாக அவள் எதையும் எடுக்கவில்லை.

"இன்னைக்கு அறிக்கை தரணும் டீச்சர். 'தேர்ந்தெடுக்கத் தெரியாது'ன்னு எழுதிடவா?"

"எழுதினா நாளையிலிருந்து அவளுக்கு இந்த வகுப்பு இல்லே, சார்."

"தெரியும். ஆனா எத்தனை தடவை கேட்டேன். தெளிவாத்தானே கேட்டேன்?"

"தெளிவுக்கு என்ன குறை. பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டுச்சு. கண்ணை மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். டீச்சர் அவருடைய இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பொருளை வைத்தார்.

"எது வேணும் சார்?"

அவர் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க, எது வேணும்? இதுவா? அதுவா? எது சார் வேணும்?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. நான் இன்னும் தொட்டே முடிக்கலே."

"பத்து நாளா அவளும் அதைத்தான் சொல்றா."

அருளானந்தம் கண்ணைத் திறந்தார். கைகளில் ஒரு சாவியும் ஒரு சோழியும் இருந்தன.

"ரேடியோவில அஞ்சு விநாடி சத்தமில்லேன்னா மெமோ வரும், டீச்சர்."

"இங்கே யாரும் மெமோ தரமாட்டாங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க. அதுக்கப்புறம் இருக்கிற நேரம் அவளோடது."

அருளானந்தம் குழந்தையின் முன்னால் தட்டை வைத்தார்.

"தமயந்தி, எது வேணும்?"

மின்விசிறி சுற்றியது. அருளானந்தத்தின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. குழந்தையின் விரல்கள் ஸ்பூனிடம் வந்தன. அதன் குழிவைத் தடவின. அங்கேயே நின்றன. பாயசம்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மணி அடித்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்து, போய், ஓய்ந்தது.

தமயந்தி கயிற்றை எடுத்தாள்.