இப்போது இது எந்த வரிசை?

வக்கீலாக இல்லாமல், வயிறு உள்ளவராக இந்த வழக்கைக் கேளுங்கள்.

அந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை; அதனாலேயே அழிக்க வழி தெரியவில்லை. சமூக அறிவியல் எடுக்கும் சோபனா டீச்சர், அறவழியில் உரிமை கேட்பது எப்படி என்று பத்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாதிப் பேர் வாய்க்கு வந்தபடி திட்ட, மீதிப் பேர் கை ஓங்காமல் உட்கார்ந்து, பயிற்சியாகவே பழகினார்கள். பிறகு இரண்டு தெருப் பெண்களும் கூடி உறுதி எடுத்தார்கள்: ஒரே வரிசை ஆகும்வரை சாப்பிடுவதில்லை.

அன்று மதியம் கூடத்துக்கு வெளியே உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் வந்தார்.

"பழைய வரிசையில உங்கள்ல ஒருத்தி தட்டு வச்சாலும் சரி, அதோட பேச்சு முடிஞ்சுது."

உட்கார்ந்தவர்களில் ஒருத்தி காலனிப் பெண் எழிலரசி. அவள் தங்கை சுகந்தி ஆறாம் வகுப்பு. உறுதி எடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அக்கா உட்கார்ந்ததால் தானும் உட்கார்ந்தாள். காலையிலும் வெறும் வயிறு. உதடு வெளுத்து, அக்கா தோளில் சரிந்தாள். சொல்லும்போதே எனக்குப் பதறுகிறது.

எல்லோரையும் திரட்டியவள் காலனிப் பெண் இன்பவல்லி. "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுடி. இன்னிக்கு விட்டா இது என்னிக்கும் மாறாது" என்று எழிலரசியிடம் அழுதாள். எழுந்திருக்கவில்லை.

சமையலம்மா அவரவர் வரிசையைத் தவிர வேறெங்கும் பரிமாற மறுத்தார். எழிலரசி தங்கையைத் தூக்கிப்போய்க் காலனி வரிசையிலேயே உட்காரவைத்து ஊட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் தலைமையாசிரியர்.

அப்போது ஊர்த் தெருத் தமயந்தி எழுந்தாள். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு அன்றோடு நின்றுவிடும். போய்ச் சுகந்தியை ஒட்டி உட்கார்ந்து, அவள் தட்டிலேயே கைவைத்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

"இப்ப இது எந்த வரிசை சார்?"

ஒருத்தி உறுதியைக் காத்தாள். ஒருத்தி தங்கையைக் காத்தாள். ஒருத்தி பசி பொறுக்கக்கூடியவளாக இருந்தும் உறுதியை மீறி உண்டாள். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பட்டினிக்கு ஒப்புக்கொள்ளாத குழந்தையின் வயிற்றை வைத்து உறுதி காப்பதும் ஒருவகை அடிதான். ஆகவே இன்பவல்லி தவறினாள்; ஆனாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. எழிலரசி செய்தது சரி. தமயந்தி செய்தது அதைவிடச் சரி, எதைக் கேட்டு உட்கார்ந்தார்களோ அதைச் செய்தே காட்டிவிட்டாள். அடுத்ததாகத் தட்டோடு அங்கே வந்து உட்கார்ந்தவள் இன்பவல்லிதான். மறுநாள் காலை எல்லோரும் பள்ளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.