கட்டைவிரல் பார்த்த ராஜா

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி உப்பாத்துறைங்கிற நாட்டை வில்லவராயர்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா காலையில "யானை வாங்குங்க"ம்பாரு, மத்தியானம் "இந்த யானைக்கு எவன்யா தீனி போடுறது?"ன்னு கத்துவாரு.

அந்த நாட்டுத் துறைமுக மணல்ல ஒரு ஆட்டம் நடக்கும். மேக்கத்திக் கப்பல்காரனுக்குப் பந்தை உதைக்கத்தான் தெரியும். கெழக்கத்திக் கப்பல்காரனுக்குக் கையில அணைச்சுக்கிட்டு ஓடத்தான் தெரியும். ரெண்டு கூட்டமும் தினம் மண்டையை உடைச்சுக்கிட்டதைப் பாத்து, மூட்டை தூக்குற சடைச்சி கால் கட்டைவிரலால மணல்ல குறுக்க ஒரு கோடு கிழிச்சா.

"கோடு வரைக்கும் காலு. கோடு தாண்டினா கை. அந்த மீன்கூடையில பந்தைப் போட்டா ஜெயிப்பு. ஆடுங்கடா!"

கைகால்பந்து பொறந்த கதை இதுதான். சடைச்சியும் அவகூட மூட்டை தூக்குறவங்களும் ஒரு அணியா எறங்கி ஆடுனாங்க. இதுக்கு நடுவரே கெடையாது. தப்பு பண்ணவன், யாரும் சொல்றதுக்கு முன்னாடி, நின்ன எடத்துலயே தானா உக்காந்துடணும். அடுத்த பந்து கூடையில விழுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.

மந்திரி கொன்றையப்பர் ஒருநாள் ராஜாவைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டுனாரு. சபைக்குத் திரும்புனதும் ராஜா குதிச்சாரு.

"கூப்பிடுங்கய்யா ஏழு நாட்டையும்! வருசா வருசம் போட்டி! ஆடுறதே தொழில், ஆடுறவனுக்கு அரண்மனைச் சம்பளம்!"

சபையே கை தட்டுச்சு. படையை நடத்துற தளவாய் நாகலிங்கர் மட்டும் தட்டல. மந்திரிக்குப் பேரு வந்தா அவருக்கு வயித்துல அடுப்பு எரியும். மெல்ல எந்திரிச்சாரு. குரல்ல தேன் ஒழுகுது.

"மகாராஜா, ஏழு நாட்டு முன்னாடி நம்ம அணின்னு மூட்டை தூக்குறவளா நிக்கிறது? அழகா இருக்குமா? எங்க அக்கா மகனுங்க இருக்கானுங்க. பட்டுக் கச்சை கட்டி, பாக்க அழகா நிப்பானுங்க."

"அப்போ சடைச்சி ஆளுங்க?"ன்னு கேட்டாரு ராஜா.

"பந்து பொறுக்கிப் போடட்டுமே."

"ஆகட்டும்!"ன்னாரு ராஜா. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.

கொன்றையப்பருக்கு உச்சந்தலை கொதிச்சுது. நேரா மணலுக்குப் போனாரு. சேதி அவருக்கு முன்னாடியே போயிருச்சு; அங்க சடைச்சி அவருக்கு மேல கொதிச்சுக்கிட்டிருந்தா.

"ஐயா, கோடு கிழிச்சது என் காலு. இவுக மாப்பிள்ளை மாதிரி வந்து நிப்பாக, நாங்க பந்து பொறுக்கணுமா? இது அடுக்குமா?"

"அடுக்காது தாயி. ராஜாவை ராஜான்னு பாக்குறேன், இல்லைன்னா இன்னைக்கே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

போட்டி நாள் வந்துச்சு. முதல் ஆட்டம், மேக்கத்தியானுக்கும் தளவாய் மருமகனுங்களுக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒருத்தன் பந்தைக் கையில தூக்குனான். உக்காரல. இன்னொருத்தன் மேக்கத்தியான் முடியைப் புடிச்சு இழுத்தான். அவனும் உக்காரல.

"உக்காருடா!"ன்னு சனங்க கத்துனாங்க.

"உக்காருறதெல்லாம் கூலிக்காரப் பழக்கம். நான் நடுவர் வச்சிருக்கேன்"ன்னாரு நாகலிங்கர். நடுவர் யாரு? அவரோட மச்சினன். அந்த ஆளு வானத்துல பருந்து எண்ணிக்கிட்டிருக்கான்!

மேக்கத்தித் தலைவன் பந்தைத் தூக்கி எறிஞ்சான். "கள்ளாட்டம் பாக்கவா கடல் தாண்டி வந்தோம்? பாயை ஏத்துங்கடா!" மத்த நாட்டுக்காரங்களும் கப்பலைப் பாத்து நடந்தாங்க.

ராஜா மேடையில சிம்மாசனத்தை விட்டு எந்திரிச்சுட்டாரு. "ஐயையோ, ஊரு உலகமெல்லாம் சிரிக்குமே! மந்திரியாரே, ஏதாவது பண்ணுமய்யா!"

"பண்றேன். சாட்டை இல்லாம, சாட்சி இல்லாம, கள்ளாட்டக்காரனைத் தானா ஒத்துக்க வைக்கிறேன். வச்சுட்டா சடைச்சி கூட்டந்தான் நம்ம அணி."

"முடியலைன்னா மந்திரி மோதிரம் எனக்கு!"ன்னு பாஞ்சாரு நாகலிங்கர்.

"விரலோடயே தரேன்யா."

கொன்றையப்பர் நடு மணல்ல போய் நின்னு தொண்டையைச் செருமுனாரு.

"ஒரு சேதி சொல்ல மறந்துட்டேன். இந்த மணலு பொல்லாத மணலு. தப்பு பண்ணிட்டு உக்காராதவனுக்கு இடது கால் கட்டைவிரல் கரி மாதிரி கருத்துடும். அப்புறம் முழங்கால் வரைக்கும் வீங்கும்."

"அப்படி ஒண்ணும் எங்க..."ன்னு வாயெடுத்தா சடைச்சி.

"நீ சும்மா இரு தாயி."

மேக்கத்தியானைக் கையைக் காலைப் புடிச்சுத் திரும்ப ஆட வச்சாங்க. ஆட்டம் சூடு புடிச்ச நேரம், கொன்றையப்பர் அடிவயித்துல இருந்து அலறுனாரு:

"ஐயோ! கருத்துருச்சே!"

மருமகனுங்க அத்தனை பேரும் படக்குனு குனிஞ்சானுங்க. மேக்கத்தியான் ஒருத்தன்கூட குனியல, அவன் கண்ணு பந்து மேலதான். நடுவரு ஒத்தைக் கால்ல நின்னு செருப்பைக் கழட்டுறாரு. மேல மேடையில தளவாய் பட்டு வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு விரலைத் தடவுறாரு!

சனங்க சிரிச்ச சிரிப்புல கடல் காக்கா பறந்துச்சு.

"பாத்துக்கங்க மகாராஜா! ஒரு விரலும் கருக்கல, மனசு கருத்தவன் மட்டும் குனிஞ்சான்!"ன்னு சொல்லிக்கிட்டே திரும்புனாரு மந்திரி.

அங்க சிம்மாசனத்துல ராஜா, இடது காலைத் தூக்கி வலது தொடை மேல போட்டு, கட்டைவிரலை உத்து உத்துப் பாத்துக்கிட்டிருக்காரு.

சிரிப்பு பட்டுனு நின்னுச்சு.

"நீங்க எதுக்கு மகாராஜா பாக்குறீங்க?"ன்னு கேட்டாரு மந்திரி.

ராஜா குரல் கெணத்துக்குள்ள இருந்து வந்துச்சு. "கோடு கிழிச்சவளைப் பந்து பொறுக்கச் சொன்னவன் நான்தானேய்யா?"

கிரீடத்தைக் கழட்டிச் சிம்மாசனத்துல வச்சாரு. கீழ எறங்கி வந்தாரு. வெயில் மணல்ல சப்பணம் போட்டு உக்காந்தாரு.

"நாகலிங்கரே, இந்தப் போட்டி முடியுற வரைக்கும் பந்து பொறுக்குறது நீரும் உம்ம மருமகனுங்களும். மந்திரியாரே, இனிமே இந்த ஏழு நாட்டுப் போட்டிக்கே நீருதான் தலைவர். சடைச்சி, எறங்கு தாயி!"

சடைச்சி கூட்டம் எறங்குச்சு. சடைச்சி கோடு வரைக்கும் கால்லயே பந்தைக் கொண்டுபோனா, கோடு தாண்டித் தூக்குனா, கூடைக்கு முன்னாடி நின்னா. போட்டிருக்கலாம். போடல. திரும்ப ஒரு சுத்து ஓடி வந்தா. இன்னொரு சுத்து.

ராஜா நெளிஞ்சாரு. "அம்மா தாயே! மணல் கொதிக்குது! போட்டுத் தொலைம்மா, நான் எந்திரிக்கணும்!"

"இருங்க ராஜா. ஏழு நாடு பாக்குது, அழகா ஆட வேணாமா?"

அன்னையில இருந்து வில்லவராயர் சபைக்கு வந்தா, சிம்மாசனத்துல உக்காருறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னு யோசிப்பாராம், இன்னைக்கு என்ன தப்பு பண்ணோம்னு.