ஒரே படத்தில் இரண்டு கை

"டீச்சர், என் கேமரா படத்தைக் கிழிச்சுப் போட்டுருச்சு!"

கத்திக்கொண்டே ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார் ஆரோக்கியம். வயசு ஐம்பத்து மூன்று, கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவருக்கு எடிட்டிங் சொல்லித்தரும் மெஹருன்னிசாவுக்கு முப்பதுதான். இருந்தாலும் அவர் வாயில் டீச்சர் தவிர வேறு வராது.

பின்னாலேயே கபடி நடுவர் பிச்சையா. வாசலில் ஆரோக்கியத்தின் மகள் ஜெனிட்டா, முழங்காலெல்லாம் மண்.

"என்ன அண்ணாச்சி?"

"ஃபைனல் டீச்சர். கடைசியாப் பாடிப் போனது இவதான். ஒருத்தியைத் தொட்டுட்டுத் திரும்பினா, நாலு பேர் அமுக்கிட்டாளுக. கை நடுக்கோட்டைத் தொட்டிருந்தா கப்பு எங்களுக்கு. தொட்டேங்கிறா. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

படத்தை நிறுத்திக் காட்டினார். தரை தெளிவு, கோடு தெளிவு. ஜெனிட்டாவின் கை மட்டும் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பிய்ந்து கிடந்தது.

"அந்த வரிகளை எடிட்டிங்ல மழுக்கிப் பார்த்தேன். கையே புகையாப் போச்சு."

"அட கொடுமையே! மழுக்காத அசல் இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"சீக்கிரம்மா," என்றார் பிச்சையா. "தெரியலேன்னா கப்பு அவங்களுக்குத்தான்."

மெஹருன்னிசா அசலைத் திரையில் போட்டுக் காட்டினார். "எத்தனை கை தெரியுது?"

"ஒண்ணு... இல்ல, ரெண்டு! கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு. கோட்டு மேல ஒண்ணு."

"உங்க மகளுக்கு வலது கை எத்தனை?"

"ஒண்ணுதானே டீச்சர்!"

டீச்சர் தன் இரு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். பிறகு உருவிப் பிரித்தார். முதலில் ஒரு கையை மேஜைமேல் வைத்தார். அப்புறம் மற்றதை.

ஆரோக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, ரெண்டு நேரம்! ஒரே படத்துக்குள்ள ரெண்டு நேரம்! கேமரா ஒரு வரி விட்டு ஒரு வரியா, ரெண்டு தடவையா எடுத்திருக்கு!"

மவுஸைப் பிடுங்கினார். ஒற்றைப்படை வரிகளை ஒரு படமாகவும் இரட்டைப்படை வரிகளை அடுத்த படமாகவும் பிரித்து ஓட்டினார்.

முதல் படம். கை கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால்.

அடுத்தது. நடுவிரல் கோட்டின்மேல்.

அதற்கடுத்தது. காலைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

"தொட்டுட்டாடா என் தங்கம்!" ஆரோக்கியம் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்.

பிச்சையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"சரிதான். ஆனா நொடியில அம்பதுல ஒரு பங்கும்மா. இதெல்லாம் ஒரு தொடலா?"

"தொட்டாளான்னுதானே கேட்டீங்க?" என்றார் மெஹருன்னிசா.

பிச்சையா வாசலுக்குப் போய், ஜெனிட்டாவின் கையைப் பிடித்து, தெருவே பார்க்க உயரத் தூக்கினார்.