வெள்ளையாக விட்ட கரை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அருளப்பனிடம் கேட்ட ஒருவர் எனக்குச் சொன்னார். பேச்சில் சில சொற்கள் மாறியிருக்கலாம்.

அருளப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை மங்கையர்க்கரசி அவரைவிடப் பல வயது இளையவர். எந்தக் கரைக்குச் சுனாமி ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட்டு வரைபடம் போடுவது அவர்கள் வேலை.

ஒரு நாள் அருளப்பன் குறையோடு வந்தார்.

“மேடம், வடக்குப் பகுதிக்கு என்ன போடுறது?”

கடலுக்கு அடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நுழையும் நீண்ட பள்ளம் இருக்கிறது. அதன் எந்தப் பகுதி உடைந்து எழும்புகிறதோ, அதற்கு நேர் எதிரே உள்ள கரையில்தான் அலை பெரிதாக ஏறும். மற்ற பகுதிகளுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. வடக்குப் பகுதி மட்டும் பாக்கி.

“அங்க பெரிய நிலநடுக்கம் ஒண்ணுகூட இல்ல மேடம்.”

“இல்லையா, தெரியாதா?”

“பதிவுல இல்ல.”

“பதிவு எப்போலேர்ந்து?”

“கருவி வச்சதுலேர்ந்து.”

“அதுக்கு முன்னாடி?”

அருளப்பன் கையிலிருந்த பட்டியலை மறுபடி புரட்டினார்.

“தட்டு ரெண்டும் அங்க மெல்ல வழுக்கிப் போகுதா, ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குதா?”

“அத யாரும் அளக்கல. ஆனா கணினிக்கு எல்லாம் ஒண்ணுதானே மேடம். இல்லைன்னாலும் பூஜ்யம், தெரியாதுன்னாலும் பூஜ்யம். பழைய படத்துல அந்தக் கரைய வெள்ளையா விட்டிருக்காங்க. நானும் அப்படியே விட்டுடவா? அந்தக் கரையில இருக்குற புதுக் குடியிருப்புல ரெண்டாம் வரிசை வீடு கட்ட நம்ம படத்துக்குத்தான் காத்திருக்காங்களாம். தினமும் போன் வருது.”

மங்கையர்க்கரசி குடையை எடுத்தார்.

“வாங்க சார், பஸ் இருக்கு.”

குடியிருப்பு கடலைப் பார்த்து இருந்தது. முதல் வரிசை வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் வரிசைக்கு இடம் அளந்து கல் மட்டும் நட்டிருந்தது.

மீன் விற்கும் காத்தாயி இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அருளப்பனின் நரையைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். பாப்பா, நீ பாயில உக்காரு.”

அருளப்பன் பதறிப்போனார். ஆசிரியை அதற்குள் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

சுவரில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. அந்தப் பழைய வரைபடம்.

“சாவி குடுத்த அன்னிக்கே இதயும் குடுத்தாங்க,” என்றார் காத்தாயி. “எங்க பழைய ஊரு பாருங்க, சிவப்பு. எங்க வூட்டுக்காரரையும் மூத்த பையனையும் அங்கதான் அலை கொண்டுபோச்சு. இங்க வெள்ளை. அதான் வந்தேன். இல்லாட்டி திரும்பவும் கடலப் பாத்த வூடு கேப்பனா? மகளுக்கு ரெண்டாம் வரிசையில எழுதி வச்சிருக்கேன். கைப்புள்ளக்காரி. நீங்க படம் குடுத்தா போதுமாமே. சட்டுனு குடுங்க சார்.”

அருளப்பன் வாயைத் திறக்குமுன் ஆசிரியை சொன்னார்.

“அந்தப் படம் போட்டது நான்தாம்மா.”

அருளப்பனுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

காத்தாயி ஆசிரியையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

ஆசிரியை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“வெள்ளைன்னா பயமில்லன்னு அர்த்தம் இல்லம்மா. அந்த இடத்தப் பத்தி எனக்குத் தெரியலன்னு அர்த்தம்.”

காத்தாயி சிரித்தார்.

“தெரியாததயா அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுப்பாங்க? கேலி பண்ணாத பாப்பா. டீயக் குடி.”

“நெசமாத்தாம்மா சொல்றேன்.”

டீயை ஆற்றிக்கொண்டிருந்த காத்தாயியின் கை நின்றது.

“அப்ப எம் பேத்திய எங்க கொண்டுபோயி வைக்கட்டும்?”



பஸ்ஸுக்கு நிற்கும்போது அருளப்பன் கேட்டார்.

“அன்னிக்கே தெரிஞ்சிருந்தா என்ன நிறம் போட்டிருப்பீங்க மேடம்?”

“தெரிஞ்சதுக்கு நிறம் போட யாராலயும் முடியும் சார். தெரியாததுக்கு நான் என்ன போட்டேன்னு பாத்தீங்கல்ல?”

திரும்பி வந்ததும் அருளப்பன் அந்தக் கரைக்குச் சாம்பல் நிறம் பூசினார். அதன் குறுக்கே ‘தெரியாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

உண்மைதானா என்று நான் அந்தப் புதிய வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். சாம்பல் நிறம் இருக்கிறது. ‘தெரியாது’ என்ற சொல்லும் இருக்கிறது.

குடியிருப்புக்கும் போனேன். இரண்டாம் வரிசை கட்டி முடிந்திருந்தது. ஒரு வீட்டு வாசல் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

வீடு ஒதுக்கும் அலுவலகத்தில், ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

“சிவப்பா இருந்தாத்தானேம்மா நிறுத்தணும்,” என்றார் அங்கிருந்தவர்.