ஆறாவது இடம், இரண்டு நிமிடம்

"ஒரு ஊரை ஒழுங்காப் பார்க்கவேணுமெண்டால், தம்பி, ஒண்டில் அங்கை உனக்கெண்டு ஒருத்தரும் இருந்திருக்கக்கூடாது. இல்லாட்டில்…"

என் பெரியப்பா ஒருமுறை பஸ் தரிப்பில் நின்று சொன்னது. இல்லாவிட்டால் என்ன என்பது எனக்கு நினைவில் இல்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

குகதாசனின் கதையைக் கேட்ட அன்று அந்தப் பாதி வசனம் திரும்பி வந்தது.

குகதாசனுக்கு ஐம்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தவர். ஜெர்மனியில் ஒரு ஆற்றங்கரை நகரத்தில், கதவுப்பிடிகள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதே நகரத்தில் மரியநாயகம் என்று ஒருவர், சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் சுற்றுலாக் குழுக்களுக்குத் தமிழில் இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். குகதாசன் அவரிடம் தொழில் பழகப் போனார்.

மரியநாயகம் அவரைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் குகதாசன் அவரை மாஸ்டர் என்றார். முதலில் பகிடிக்கு, விளையாட்டாக. தேவாலயத்தையும் பழைய சந்தைச் சதுக்கத்தையும் மலைமேல் இடிந்துகிடக்கும் கோட்டையையும் அவர் கதைத்துக் காட்டியதைக் கேட்ட பிறகு பகிடி போய்விட்டது. மாஸ்டர் என்ற பெயர் நின்றது. மரியநாயகம் அவரை அண்ணை என்றே கூப்பிட்டார்.

இரண்டாம் கிழமை, தேவாலயத்தில் ஒரு கல்லறைக்கு முன்னால் குகதாசன் தடுமாறினார். பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு சீமாட்டியின் கல்லறை. கல்லில் அவள் படுத்திருந்தாள். பக்கத்தில், துணி சுற்றிய சின்னக் கல்பிள்ளை. குகதாசன் பாதி வசனத்தில் நின்றுபோனார்.

"பாவம், சாருக்கு மூச்சு வாங்குது. யாராவது தண்ணி குடுங்க" என்றார் குழுவில் ஒரு அம்மா. இன்னொருவர் கைப்பேசியை அவர் முகத்துக்குத் திருப்பினார்.

வெளியே வந்ததும் மரியநாயகம் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் அழுதால் சனம் உங்களைத்தான் படமெடுக்கும். சீமாட்டியை விட்டிடும்."

"தொண்டை அடைச்சுப்போட்டுது, மாஸ்டர்."

"அடைக்கிறதுக்கு முன்னம் கையை மற்றப் பக்கம் நீட்டுங்கோ. 'அடுத்து இந்தப் பக்கம்' எண்டு சொல்லுங்கோ. சனம் கையைப் பார்த்து நடக்கும். பின்னாலை நீங்களும் நடந்திடுவியள்."

குகதாசன் பழகிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் சீமாட்டியும் பிள்ளையும் இரண்டு நிமிடத்தில் முடிந்தார்கள்.

கோட்டையிலும் தேறிவிட்டார். "இடிஞ்ச செவுத்தப் பாக்கவா சார் இவ்வளவு படி ஏற வெச்சீங்க? எங்க ஊர்லயே நெறைய இருக்கே" என்று ஒருவர் மூச்சிரைக்கக் கேட்டபோது, "இருக்கும் ஐயா. ஆனால் அங்கை ஏறேக்குள்ள நீங்கள் படம் எடுக்கமாட்டியள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரியநாயகம் தூரத்தில் நின்று தலையாட்டினார்.

அந்த வசந்தகாலத்தில் ஊரிலிருந்து செய்தி வந்தது. போர்க்காலத்தில் மூடிய ஒரு பகுதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக ஒருவரும் போகமுடியாதிருந்த குகதாசனின் வீட்டுக் காணி அதற்குள் இருந்தது. வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் மிச்சம் என்று மச்சான் படம் அனுப்பினார்.

குகதாசனின் இரண்டு மகள்மாரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். ஆகஸ்டில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், போவோம் என்றார்கள். பெரியவள் திட்டம் போட்டாள். சிகிரியா, கண்டி, காலிக் கோட்டை. அப்பாவின் வீட்டுக்கு ஒரு முற்பகல். விடுதிகளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை குழு ஒன்றும் இல்லை. குகதாசன் ஒரு தாளோடு கோட்டைக்கு ஏறி வந்தார். மரியநாயகம் முற்றத்தில் உட்கார்ந்து அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இதை ஒருக்காப் பாருங்கோ. ஒழுங்கு சரியோ?"

"எந்தக் குழுவுக்கு?"

"என்ரை பிள்ளையளுக்கு. அதுகளுக்கு அங்கை பார்க்க ஒண்டுமில்லை. வெறும் நிலம். நான் கதைச்சுக் காட்டினால்தான் ஏதும் தெரியும். முதல்ல படலையடியோ, கிணத்தடியோ எண்டுதான் யோசனை."

மரியநாயகம் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். குகதாசன் இலக்கம் போட்டு எழுதியிருந்தார். வீதி வாசலில் படலை, நான்கு நிமிடம். முன் விறாந்தை, மூன்று. சாமியறை, மூன்று. மரியநாயகத்தின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஆறாவது வரியில் நின்றது.

அம்மா விழுந்த இடம், இரண்டு நிமிடம்.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குக் காட்டுங்கோ அண்ணை. நான்தான் குழு."

"இஞ்சையோ?"

"அத்திவாரம் இருக்கு. கிணறு இருக்கு. வேறை என்ன வேணும்?"

குகதாசன் சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போய் நின்றார்.

"இதுதான் எங்கடை படலை. பனைமட்டைப் படலை. இழுத்துச் சாத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் படம் பார்த்துப்போட்டுக் களவா வாற நாளெல்லாம் இதுதான் என்னைக் காட்டிக்குடுத்தது."

மரியநாயகம் சிரித்தார். குகதாசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உடைந்த சுவர்களுக்கு நடுவே நடந்தார். இது விறாந்தை என்றார். ஐயா இருக்கிற சாய்மனைக் கதிரை இந்த மூலையில். ஒருநாள் மாமாவின் ஆடு புகுந்து பூகோளப் புத்தகத்தைத் தின்ற இடம் அது. ஆபிரிக்கா முழுக்கப் போய்விட்டது. சாமியறை. குசினி. நெல்லுப்பெட்டி. அளந்து வைத்ததுபோல ஒவ்வொன்றும் முடிந்தது. கோட்டைக் கிணற்றடிக்கு வந்தார்.

"இது கிணத்தடி. தொண்ணூறாம் ஆண்டு, காலமை ஏழு மணி. அம்மா தண்ணி அள்ள வந்தவ. ஷெல் அந்தப் பக்கத்தாலை வந்து விழுந்தது. எனக்குப் பதினாறு வயது. அந்தா, அந்தக் கல்லடியிலை பல்லு விளக்கிக்கொண்டு நிண்டனான். அம்மாவின்ரை கையிலை வாளிக் கயிறு அப்பிடியே இருந்தது."

கையை மற்றப் பக்கம் நீட்டினார்.

"அடுத்து இந்தப் பக்கம். இது பின்வளவு."

மரியநாயகம் கை தட்டினார். குழுக்கள் தட்டுவதுபோல, நாலைந்து தரம்.

குகதாசன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் முடியேல்லை, மாஸ்டர். பின்வளவு இருக்கு."

"தெரியும்."

"நல்லா இருந்துதோ?"

"நல்லா இருந்தது அண்ணை. ஒரு இடத்திலையும் தடுமாறேல்லை."

குகதாசனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதைக் கீழே இறக்கினார். கிணற்றுக் கட்டைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

மரியநாயகம் வந்து கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"போன வருசம் நானும் போனனான். எங்கடை மாதா கோயிலுக்கு. கூரை இல்லை, சுவர் மட்டும். பிள்ளையள் ரெண்டையும் நிப்பாட்டி வைச்சுக் காட்டினன். பீடம் இது, பாட்டுக்காரர் நிக்கிற இடம் இது, மணிக்கூண்டு இது. என்ரை அண்ணன் செத்துக் கிடந்த இடம் இது. எல்லாமாப் பதினைஞ்சு நிமிசம்."

"பிறகு?"

"முடிய, சின்னவள் கை தட்டினவள்."

குகதாசன் தாளை மடித்தார்.

"ஒன்பது வயசு. நான் கதைச்சு முடிக்கச் சனம் தட்டுறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவளிலை பிழையில்லை."

கீழே தேவாலய மணி நான்கு அடித்தது.

"நீங்கள் அழேல்லையோ, மாஸ்டர்?"

"நேரம் இருக்கேல்லை, அண்ணை. அடுத்த இடத்துக்குப் போகவேண்டியிருந்தது."

மலையிலிருந்து இறங்கும் பாதையில் நின்று குகதாசன் பெரிய மகளுக்குச் செய்தி அனுப்பினார். சிகிரியா வேண்டாம், கண்டி வேண்டாம், காலி வேண்டாம். மூன்று கிழமையும் ஒரே இடம்.